உங்களுக்குத் தெரியுமா? – சொப்பனம் சொன்ன வழி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரை ஓரமாக அழைத்து, "ஐயா, ராத்திரி ஒரு சொப்பனம் கண்டேன்" என்று ஆரம்பிப்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. பங்குக் கோயில் என்றால், "சாமி, மாதா கனவுல வந்தாங்க." கேட்பவர் என்ன பதில் சொல்வது? ஏறத்தாழ 2000 வருடங்களாகக் கிறிஸ்தவர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கனவு கண்டவர்களின் கதைகள் பிரபலமானவை. பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல் கனவையும் தட்டிப் பார்த்தவர்களின் கதைகள் அவ்வளவாக வெளியே வருவதில்லை. எனக்கு அவைதான் கூடுதல் ருசி. இரண்டையும் கலந்தே தருகிறேன்.

● நற்செய்தி நூல்களில் புனித சூசையப்பர், அதாவது மரியாவின் கணவர் யோசேப்பு, பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் கண்ட கனவுகள் மட்டும் நான்கு. மரியாவை ஏற்றுக்கொள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போ, திரும்பி வா, கலிலேயா பக்கம் ஒதுங்கு. நான்காவதைக் கவனியுங்கள். ஏரோதின் மகன் அர்கெலாயு யூதேயாவில் ஆட்சிக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, அங்கே போக யோசேப்பு ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கனவு வருகிறது. ஊர் நிலவரத்தை விசாரித்து வைத்திருந்த மனிதர் அவர். எல்லாவற்றையும் கனவு பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர் அல்ல.

● மத்தேயு நற்செய்தியில் மொத்தம் ஆறு கனவுகள். யோசேப்புக்கு நான்கு, கிழக்கிலிருந்து வந்த ஞானியருக்கு ஒன்று, பிலாத்துவின் மனைவிக்கு ஒன்று. மாற்கு, லூக்கா, யோவான் மூவரின் நற்செய்தியிலும் கனவே கிடையாது.

● அந்த ஆறாவது கனவுக்கு வேதத்தில் கிடைத்த இடம் ஒரே ஒரு வசனம். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, இந்த நீதிமான் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று ஆளுநருக்கு மனைவியிடமிருந்து ஆள் வருகிறது. அவள் பெயரை மத்தேயு சொல்லவில்லை. பிற்கால மரபு புரோக்ளா என்று பெயர் வைத்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அக்டோபர் 27-ஆம் தேதி அவளைப் புனிதையாக நினைவுகூர்கிறது. எத்தியோப்பியத் திருச்சபை இன்னும் ஒரு படி மேலே போய், புருஷனையும் சேர்த்தே புனிதர் வரிசையில் வைத்துவிட்டது. மனைவி சொல்லைக் கேட்காதவருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

● வேதாகமத்தில் 'சொப்பனம்' என்று பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் முதல் கனவைக் கண்டவர் ஆபிரகாம் அல்ல. கேராரின் ராஜா அபிமெலேக்கு. சாராளை ஆபிரகாமின் தங்கை என்று நம்பி அழைத்துக்கொண்டு போனவர் அவர். அந்தக் கனவில் அவர் கடவுளோடு வாதாடவும் செய்கிறார். அதற்குப் பிறகு வரும் பட்டியலைப் பாருங்கள்: லாபான், பார்வோன், பார்வோனின் பானபாத்திரக்காரனும் சுயம்பாகியும், மீதியானிய சிப்பாய், நேபுகாத்நேச்சார். இஸ்ரவேலுக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கடவுள் பேச நேர்ந்தபோது பல தடவை கனவு கைகொடுத்திருக்கிறது. தீர்க்கதரிசிகளோடு சொப்பனத்தில் பேசுவேன், மோசேயோடு மட்டும் முகமுகமாய்ப் பேசுவேன் என்று எண்ணாகமம் 12-ஆம் அதிகாரம் ஒரு தரவரிசையே போட்டுக் காட்டுகிறது.

● ஒரு வாற்கோதுமை அப்பம் உருண்டு வந்து கூடாரத்தைக் கவிழ்த்ததாகக் கனவு கண்டான் மீதியானியன் ஒருவன். இருட்டில் ஒளிந்து நின்று அதை ஒட்டுக்கேட்ட கிதியோனுக்குத் தைரியம் வந்தது. எதிரியின் கனவு தன்னை வழிநடத்திய விசித்திரம், நியாயாதிபதிகள் 7-இல்.

● கனவுக்குப் பலன் சொல்கிறவர்களைச் சோதிக்க பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் ஒரு நல்ல வழி வைத்திருந்தார். "பலனைச் சொல்வது இருக்கட்டும், நான் என்ன கனவு கண்டேன் என்று முதலில் சொல்லுங்கள்" என்ற மாதிரி ஒரு நிபந்தனை. சொல்லாவிட்டால் தலை போகும். அரண்மனை ஜோசியர்கள் அத்தனை பேரும் கைவிரித்தார்கள். தானியேலும்கூட உடனே பதில் சொல்லிவிடவில்லை. தவணை கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், மூன்று நண்பர்களிடமும் ஜெபிக்கச் சொன்னார். தனியாக ஒரு கனவுக்குப் பொறுப்பேற்க அவர் தயாராக இல்லை.

● கனவை வைத்து மக்களை வேறு தெய்வங்களிடம் இழுப்பவன் சொன்ன அடையாளம் பலித்தாலும் அவனைக் கேட்காதே என்கிறது உபாகமம் 13. பலிப்பது ஒரு சான்றே இல்லை என்ற இந்த நிபந்தனை மிகக் கடுமையானது. எரேமியாவோ, கனவு கண்டேன் கனவு கண்டேன் என்று கூவும் தீர்க்கதரிசிகளைப் பதர் என்றே ஒதுக்குகிறார். கத்தோலிக்கர்களின் பழைய ஏற்பாட்டில் உள்ள சீராக் ஞான நூலின் 34-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், கனவை நம்பி நடப்பவர்களுக்கு நன்றாக அர்ச்சனை விழும். ஆனால் அதே வேதத்தில் யோவேல், முதியவர்கள் கனவு காண்பார்கள் என்று நல்வாக்கும் கொடுக்கிறார். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு அதைத்தான் எடுத்துப் பேசினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வேதம் நகர்ந்துவிடுகிறது.

● துரோவா துறைமுகத்தில் இரவுக் காட்சியில் ஒரு மக்கெதோனிய ஆண் வந்து உதவிக்கு அழைத்தான், பவுல் கப்பலேறினார். போய்ச் சேர்ந்த பிலிப்பி நகரில் முதலில் மனம் திறந்தவள் ஒரு பெண், இரத்தாம்பரம் விற்ற லீதியாள்.

● கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று ஒரு சிறைக் குறிப்பு. அதன் பெரும்பகுதி கனவுகள்தான். எழுதியவர் பெர்பெத்துவா. ஊர் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ். வயது 22 வாக்கில், கையில் பால்குடிக் குழந்தை. விடுதலையா சாவா என்று ஆண்டவரிடம் கேட்டுச் சொல் என்று உடன்பிறந்தவர் கேட்க, அவரும் கேட்கிறார். வானம் வரை போகும் ஒரு வெண்கல ஏணி தெரிகிறது. ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய அகலம். இருபுறமும் வாளும் ஈட்டியும் கொக்கியும். அடியில் ஒரு பறவைநாகம். அதன் தலையையே முதல் படியாக மிதித்து ஏறுகிறார். மேலே ஒரு தோட்டம், நரைத்த தலையோடு ஒரு மேய்ப்பர் ஆடு கறந்துகொண்டிருக்கிறார். ஒரு வாய் பால்கட்டி தருகிறார். விழித்தபோதும் நாக்கில் இனிப்பு இருந்ததாம்.

இதில் கவனிக்க வேண்டியது பெர்பெத்துவா எடுத்த பொருள். இவ்வளவு அழகான கனவு கண்டவர், விடுதலை கிடைக்கும் என்று சொல்லவில்லை. சாவுதான் என்று புரிந்துகொண்டு இந்த உலகத்தின்மீது நம்பிக்கை வைப்பதை நிறுத்திக்கொண்டார். சின்ன வயதில் முகத்தில் புற்று வந்து இறந்த தம்பி தினோக்கிராத்தேஸ் தாகத்தோடு நிற்பதாக இன்னொரு கனவு. அவனுக்காக நாள்கணக்கில் ஜெபித்த பிறகு, அவன் வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டு விளையாடப் போவதாக அடுத்த கனவு. கி.பி. 203 மார்ச் 7-ஆம் தேதி அரங்கில் பெர்பெத்துவாவும் அடிமைப் பெண் பெலிசித்தாவும் மற்றவர்களும் கொல்லப்பட்டார்கள். சில கத்தோலிக்கத் திருப்பலி மன்றாட்டுகளில் இன்றும் இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன.

● ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 312 அக்டோபர் 28-இல் மில்வியப் பாலப் போரில் வென்றதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கனவை இரண்டு எழுத்தாளர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். போர் நடந்த சில வருடங்களுக்குள் எழுதிய லக்தான்சியுஸ், கேடயங்களில் கிறிஸ்துவின் அடையாளத்தைப் போடும்படி தூக்கத்தில் கட்டளை வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பேரரசன் இறந்த பிறகு எழுதிய யூசேபியுஸிடம் போகும்போது பட்டப்பகலில் வானத்தில் சிலுவையும், இரவில் கனவில் கிறிஸ்துவும் வந்துவிடுகிறார்கள். காலம் போகப் போகக் கனவுகள் கொஞ்சம் சதை போடும்.

● மகன் அகுஸ்தீன் மனிக்கேய மதத்துக்குப் போய்விட்டான் என்று அழுதுகொண்டிருந்த மோனிக்கா ஒரு கனவு கண்டார். மரத்தால் ஆன ஓர் அளவுகோலின்மீது நிற்கிறார். ஒளிவீசும் இளைஞன் ஒருவன் வந்து, திரும்பிப் பார், நீ நிற்கும் இடத்தில்தான் உன் மகனும் நிற்கிறான் என்று காட்டுகிறான். இதைக் கேட்ட அகுஸ்தீன், கெட்டிக்கார வாத்தியார் அல்லவா, "அப்படியென்றால் நீங்கள் ஒருநாள் என் பக்கம் வந்துவிடுவீர்கள் அம்மா" என்று திருப்பிவிடப் பார்த்தார். மோனிக்கா யோசிக்கவே இல்லை. அவன் இருக்கும் இடத்தில் நான் இருப்பேன் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. நான் இருக்கும் இடத்தில் அவன் இருப்பான் என்றுதான் சொல்லப்பட்டது என்று பட்டென்று பதில் சொன்னார். கனவைவிட அந்தப் பதில்தான் தன்னை அசைத்தது என்று பின்னாளில் தன் வாழ்க்கை நூலில் அகுஸ்தீன் ஒப்புக்கொள்கிறார். மகன் மனம் மாற அதற்குப் பிறகும் ஒன்பது வருடத்துக்குக் குறையாமல் ஆயிற்று. 387 உயிர்ப்புத் திருவிழாவில் மிலான் ஆயர் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம்.

இதே மோனிக்கா இன்னொரு கனவைத் தள்ளிவிட்ட கதை அதிகம் பேருக்குத் தெரியாது. மகனுக்குப் பெண் பார்த்த நேரம். இந்தச் சம்பந்தம் சரியா என்று கனவில் காட்டும்படி வேண்டுகிறார், மகனும் கேட்கச் சொல்கிறார். ஏதேதோ தெரிந்தது. ஆனால் அது தன் ஆசை பின்னிய கனவு என்று மோனிக்காவே ஒதுக்கிவிட்டார். கடவுள் காட்டுவதற்கும் மனசு காட்டுவதற்கும் ருசியில் ஒரு வித்தியாசம் உண்டு, அதை வார்த்தையில் சொல்ல வராது என்பாராம். மகனின் கல்யாணத்தில் ஆசை வைத்த எந்தத் தாயும் இவ்வளவு நேர்மையாக இருப்பது அபூர்வம்.

● வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் கனவில் சாட்டையடி வாங்கியவர். தவக்காலத்தின் நடுவில் கடும் காய்ச்சல், வீட்டில் அடக்கத்துக்கே ஏற்பாடு நடக்கிறது. அந்த மயக்கத்தில் நியாயாசனத்தின் முன் நிறுத்தப்படுகிறார். நீ யார் என்ற கேள்விக்குக் கிறிஸ்தவன் என்கிறார். பொய், நீ சிசரோவின் ஆள் என்று தீர்ப்பு. உபவாசம் இருந்துகொண்டே சிசரோவின் நூல்களை ரசித்துப் படித்ததுதான் குற்றம். இனி உலக இலக்கியத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து தப்பித்தார். விழித்தபோது தோளில் தழும்பு இருந்ததாக அவரே எழுதினார். ஏறத்தாழ 384-இல் யூஸ்தோக்கியம் என்ற இளம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? ஜெரோமின் எழுத்தில் சிசரோவும் வெர்ஜிலும் தொடர்ந்து தலைகாட்டினார்கள். பழைய நண்பர், பிற்கால விரோதி ருஃபீனுஸ் சும்மா இருப்பாரா? சத்தியத்தை மீறிவிட்டார் என்று அம்பலப்படுத்தினார். ஜெரோமின் பதில்தான் உச்சம்: கனவில் செய்த சத்தியத்துக்கெல்லாம் என்னைப் பிடிப்பீர்களா, நான் பறப்பதாகவும் செத்துப் புதைக்கப்பட்டதாகவும்கூடத்தான் கனவு கண்டிருக்கிறேன், கனவை நம்பாதே என்று தீர்க்கதரிசிகள் சொன்னதைப் படிக்கவில்லையா என்ற தொனியில் போட்டுத் தாக்கினார். தழும்பைக் காட்டியவரும் இவரேதான்!

● கனவில் வந்தது என்று சொல்லி ஆளுக்கொரு இடத்தில் பலிபீடம் எழுப்புவதைக் கார்த்தேஜ் நகரில் 401-இல் கூடிய ஆயர்கள் கண்டித்து ஒரு விதியே போட்டார்கள். மறைசாட்சியின் உடலோ திருப்பண்டமோ, நம்பத்தக்க வரலாறோ இருந்தால்தான் பீடம். வெறும் கனவும் வெற்று வெளிப்பாடும் போதாது.

● அந்த விதிக்கு 14 வருடம் கழித்து, 415-இல், பாலஸ்தீனத்தின் கஃபர்கமலா என்ற சிற்றூரில் லூசியான் என்ற குரு கனவு கண்டார். பவுலின் ஆசிரியர் கமாலியேல் வந்து, முதல் மறைசாட்சி ஸ்தேவானின் உடல் புதைக்கப்பட்டிருக்கும் இடத்தைச் சொன்னாராம். லூசியான் உடனே மண்வெட்டியைத் தூக்கவில்லை. இது கடவுளிடமிருந்து வந்ததானால் இன்னும் இரண்டு தடவை வரட்டும் என்று ஜெபித்து உபவாசம் இருந்தார். மூன்று முறை ஆன பிறகே ஆயரிடம் போனார். தோண்டி எடுத்த திருப்பண்டங்களில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவுக்கே வந்து சேர்ந்தது. அங்கே நடந்த குணமாக்கல்களைத் தமது 'கடவுளின் நகரம்' நூலில் வரிசையாக எழுதிவைத்தவர் மோனிக்காவின் மகன், ஆயர் அகுஸ்தீன்.

● கனவுக்கு ஆறு காரணம் என்று 590-களில் பட்டியல் போட்டார் பெரிய கிரகோரியார் என்னும் திருத்தந்தை. வயிறு நிறைந்திருப்பது, வயிறு காய்ந்திருப்பது, பிசாசின் ஏமாற்று, நம் எண்ணமும் ஏமாற்றும் கலந்தது, கடவுளின் வெளிப்பாடு, எண்ணமும் வெளிப்பாடும் கலந்தது. முதல் இரண்டு இடமும் வயிற்றுக்கு! அவர் சொல்லும் ஒரு கதை: கனவுகளைப் பெரிதாக நம்பிய ஒருவனுக்கு நீண்ட ஆயுள் உண்டு என்று கனவு வந்தது. அத்தனை வருடத்துக்கும் வேண்டுமே என்று பணத்தைச் சேர்த்துக் குவித்தான். திடீரென்று செத்துப்போனான். பணம் தொடாமல் கிடந்தது.

● கோயிலில் படுத்துத் தூங்கினால் புனிதர் கனவில் வந்து வைத்தியம் சொல்வார் என்ற நம்பிக்கை பழைய கிழக்கத்தியத் திருச்சபையில் பரவலாக இருந்தது. எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் மெனூதிஸ் என்ற ஊரில் சைரஸ், யோவான் என்ற இரு புனிதர்களின் கோயில் அப்படிப்பட்டது. அங்கே கண்நோய் தீர்ந்த நன்றிக்காக சொஃப்ரோனியுஸ் 70 அற்புதங்களை எழுதிவைத்தார். பின்னர் அவர் எருசலேமின் முதுபெரும் ஆயரானார். கான்ஸ்டான்டினோபிளில் ஆர்த்தேமியுஸ் என்ற புனிதர் குடலிறக்கத்துக்கென்றே பெயர்பெற்றவர். கனவில் கத்தியோடு வந்து அறுவை செய்வாராம். நோயாளி அலறிக்கொண்டு எழுந்தால் வீக்கம் இருக்காது. தர்காவிலும் கோயிலிலும் கொடிமரத்தடியில் பாய் விரிக்கும் நம் ஊர் ஜனங்களுக்கு இதைப் புரியவைக்க விளக்கவுரை வேண்டாம்.

● பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் கனவுப் பலன் இருக்குமே, அதேபோல ஐரோப்பாவிலும் ஒன்று இருந்தது. தீர்க்கதரிசி தானியேல் எழுதியதாகப் பெயர் போட்டு, இன்னது கண்டால் இன்ன பலன் என்று அகரவரிசையில் அடுக்கிய நூல். இடைக்காலம் முழுக்கப் பல மொழிகளில் கைப்பிரதியாகச் சுற்றியது. தானியேலின் பெயரில் உலவும் போலி என்று 12-ஆம் நூற்றாண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பான கிராசியானின் நூல் கண்டித்தது. நகலெடுத்தவர்கள் காதில் அது விழவில்லை.

● அயர்லாந்தின் பேட்ரிக் அந்த நாட்டவரே அல்ல. 16 வயது வாக்கில் கடற்கொள்ளையர் பிரிட்டனிலிருந்து பிடித்துப் போன அடிமை. ஆறு வருடம் ஆடு மாடு மேய்த்த பிறகு, உன் கப்பல் தயார் என்று தூக்கத்தில் ஒரு குரல். சுமார் 200 மைல் நடந்தார், கப்பல் இருந்தது. கதை இதோடு முடிந்திருந்தால் அது ஒரு தப்பித்த அடிமையின் கதை. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு இன்னொரு கனவு: விக்டோரிக்குஸ் என்பவர் கட்டுக்கட்டாகக் கடிதங்களோடு வருகிறார், மேற்குக் கடலோரக் காட்டுப்பக்கத்து ஜனங்கள் திரும்பி வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தன்னை அடிமையாக வைத்திருந்த நாட்டுக்கே திரும்பிப் போனார். முதல் கனவுக்குக் கீழ்ப்படிவது யாருக்கும் சுலபம்.

● ஆங்கில மொழியில் பெயர் தெரிந்த முதல் கவிஞர் கேட்மன் ஒரு மாட்டுக்காரர். பாடத் தெரியாததால் விருந்தில் தன் முறை வருவதற்குள் எழுந்துபோய்த் தொழுவத்தில் படுப்பவர். கனவில் ஒருவர் வந்து படைப்பைப் பற்றிப் பாடு என்றார், பாடினார். விட்பி மடத்தின் தலைவி ஹில்டா அப்படியே நம்பிவிடவில்லை. அறிஞர்களைக் கூட்டிப் பாடச்சொல்லி, புதிதாக ஒரு வேதப் பகுதியைக் கொடுத்து அதையும் பாட்டாக்கச் சொல்லிப் பார்த்த பிறகே மடத்தில் சேர்த்துக்கொண்டார்.

● சாயும் லாத்தரன் பேராலயத்தை ஓர் ஏழைத் துறவி தோளில் தாங்குவதாகத் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் கனவு கண்டார். அந்தத் துறவி பிரான்சிஸ் அசிசியார் என்பது பிரான்சிஸ்கன் சபையார் சொல்வது. அசிசியின் மேல் பேராலயச் சுவரில் ஓவியமாகவும் இருக்கிறது. சாமிநாதர் சபையாரிடம் கேட்டால், அதே கனவு, அதே திருத்தந்தை. தோள் மட்டும் சாமிநாதருடையது.

● தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தின் பெயருக்குப் பின்னாலும் ஒரு கனவு இருக்கிறது. நாலாம் நூற்றாண்டு ரோமில், பிள்ளையில்லாத பணக்காரர் யோவானும் அவர் மனைவியும் தங்கள் சொத்தை மாதாவுக்குக் கொடுக்க நினைத்தார்கள். பனி விழுந்த இடத்தில் கோயில் கட்டு என்று கனவு வந்தது. திருத்தந்தை லிபேரியுஸுக்கும் அதே இரவில் அதே கனவு. காலையில் எஸ்குலின் குன்றில் பனி. அது ஆகஸ்ட் மாதம், ரோமில் வெயில் கொளுத்தும் காலம். கதை பல நூற்றாண்டுகள் கழித்தே எழுத்தில் வருகிறது, இன்று நிற்கும் மரியன்னைப் பேராலயத்தைக் கட்டியவரோ ஐந்தாம் நூற்றாண்டுத் திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ். ஆனாலும் ஆகஸ்ட் 5 அன்று ரோமில் கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ் தூவுகிறார்கள். அதே நாளில் தூத்துக்குடியில் திருவிழா. பனியே விழாத முத்துக்குளித்துறை ஊருக்கு இப்படி ஒரு பெயர்.

● தனக்குக் கனவும் வேண்டாம், காட்சியும் வேண்டாம், வேதம் போதும் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டவர் மார்ட்டின் லூத்தர். கனவுக் கதை அவரையும் விடவில்லை. 1517 அக்டோபர் 31-க்கு முந்தின இரவில், ஒரு துறவி கோயில் கதவில் எழுத, அந்தப் பேனா ரோம் வரை நீண்டு திருத்தந்தையின் மகுடத்தைத் தட்டிவிடுவதாக சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக் கனவு கண்டார் என்று ஒரு படத்தாள் வெளியானது. எப்போது? லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தின் நூறாவது ஆண்டு விழாவின்போது, 1617-இல்.

● ஜான் பன்யனின் புகழ்பெற்ற 'மோட்சப் பிரயாணம்' (1678) முழுவதும் ஒரு கனவாகவே சொல்லப்பட்டது. அதைத் தழுவித்தான் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற தமிழ்க் காப்பியத்தை எழுதினார். வெளியானது 1894.

● ஜான் நியூட்டன், பின்னாளில் புகழ்பெற்ற ஒரு பக்திப் பாட்டை எழுதிய முன்னாள் அடிமைக் கப்பல் தலைவர், இளம் மாலுமியாக வெனிஸ் துறைமுகத்தில் கண்ட கனவு: ஒருவர் ஒரு மோதிரம் தந்து பத்திரமாக வைத்துக்கொள் என்கிறார். இன்னொருவன் வந்து பேசிப் பேசி அதைக் கடலில் போட வைக்கிறான். மூன்றாவதாக வந்தவர் மூழ்கி எடுக்கிறார். எடுத்தவர் திருப்பித் தரவில்லை, உன்னிடம் இருந்தால் மறுபடி தொலைப்பாய், நானே வைத்திருக்கிறேன் என்கிறார். இரண்டு மூன்று நாள் கலங்கினார், பிறகு சுத்தமாக மறந்துபோனார். 1764-இல் வந்த அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

● அமெரிக்காவில் அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மனுக்குச் சிறுவயதில் மேஸ்திரி ஒருவன் எறிந்த இரும்பு எடைக்கல் மண்டையில் பட்டது. அதன்பின் நின்ற நிலையிலேயே தூக்கம் கவ்வும், கனவுகளும் வரும். கடவுள் பேசுகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பாறைகளுக்கிடையே தலைதூக்கிய ஒரு பாம்பு, வெள்ளைத் தாடிக் கிழவரின் தலையாக மாறுவதாகவும், கூடவே இரண்டு இளைய தலைகள் எழுவதாகவும், கூட்டம் வந்து எல்லாவற்றையும் அடித்து வீழ்த்துவதாகவும் ஒரு கனவு. 1858-இல் ஜான் பிரவுனைப் பார்த்ததும் அந்த முகம் என்று அடையாளம் கண்டார். மறுவருடம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி தாக்குதலில் பிரவுனின் இரண்டு மகன்கள் செத்தபோதுதான் மீதியும் விளங்கியது. தலையில் பட்ட காயமா, தேவ வழிநடத்துதலா என்று மருத்துவர்களும் வரலாற்றாசிரியர்களும் இன்னும் பேசுகிறார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

● ஒன்பது வயதில் ஜான் போஸ்கோ கண்ட கனவு: கெட்ட வார்த்தை பேசிச் சண்டையிடும் பையன்கள், இவர் முஷ்டியோடு பாய்கிறார். அடித்து அல்ல, அன்பால் வசப்படுத்து என்று ஒருவர் தடுக்கிறார். முரட்டு மிருகங்கள் ஆட்டுக்குட்டிகளாகின்றன. காலையில் வீட்டில் சொன்னதும் ஆளுக்கொரு பலன் சொன்னார்கள். நீ ஆடு மேய்ப்பாய் என்றார் ஓர் அண்ணன். குருவானாலும் ஆவாய் என்றார் அம்மா மார்கரீத்தா. கொள்ளைக்கூட்டத் தலைவனாவாய் என்றார் இன்னோர் அண்ணன். எழுதப்படிக்கத் தெரியாத பாட்டி, கனவையெல்லாம் கண்டுகொள்ளாதே என்று முடித்தார். பாட்டி சொன்னதே சரி என்று தனக்கும் பட்டதாகப் போஸ்கோ எழுதுகிறார். ஆனால் கனவுதான் மனதைவிட்டுப் போகவில்லை. 1858-இல் இதைக் கேட்ட திருத்தந்தை ஒன்பதாம் பயஸ், எழுதிவை என்றார். எழுதினார், பல வருடம் தாமதித்து. அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1906-இல் இந்தியாவில் முதலில் காலூன்றியது தஞ்சாவூரில்.

● நைஜீரியாவின் இஜெபு-ஓடே ஊரில் 1918-இல், விஷக்காய்ச்சல் பரவிய சமயம், ஆங்கிலிக்கன் கோயில் ஊழியர் ஒருவருக்கு ஜெபக்குழு தொடங்கும்படி கனவு வந்தது. அந்தச் சிறு குழுவிலிருந்து கிளம்பியதுதான் இன்று பெரிதாக நிற்கும் அலதூரா சபைகளின் ஒரு முக்கியக் கிளை. ஆப்பிரிக்காவின் பல சுதேச சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் கனவைச் சொல்வது இன்றும் சாதாரணம்.

● 1904 டிசம்பரில் பஞ்சாபில் சாது சுந்தர் சிங் இயேசுவைக் கண்டதைக் கனவு என்றவர்களுக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது: விடியலுக்கு முன்னால் அந்தக் குளிரில் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு உட்கார்ந்தவனுக்குக் கனவு வருமா?

● திருத்தந்தை பிரான்சிஸ் தம் மேசைமேல், தூங்கும் சூசையப்பர் சுரூபம் ஒன்றை வைத்திருந்தார். பிரச்சினை வந்தால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அதன் அடியில் செருகிவிடுவாராம். 2015 ஜனவரியில் மணிலாவில் குடும்பங்களிடம் அவரே சொன்னது. அதன்பின் அந்தச் சுரூபத்துக்கு உலகெங்கும் கிராக்கி.

● அந்தத் திருத்தந்தை சேர்ந்திருந்த இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், 1522-இல் மன்ரேசாவில் இருந்தபோது, படுக்கப் போனதும் பெரிய ஆன்மீக வெளிச்சங்களும் ஆறுதல்களும் வந்து தூக்கத்தைக் கெடுத்தன. தூங்குவதற்கென்று ஒதுக்கியதே கொஞ்ச நேரம். யோசித்துப் பார்த்தார். கடவுளோடு பேசப் பகல் முழுவதும் நேரம் கொடுத்தாயிற்று. இரவிலும் வந்து எழுப்புவது நல்ல ஆவியாக இருக்க முடியுமா என்று சந்தேகம் தட்டியது. அவற்றைக் கண்டுகொள்ளாமல் தூங்கிவிடுவது என்று முடிவு செய்தார். அப்படியே செய்தார்.